நைட்டிங்கேல் அம்மையார் வரைந்த படங்கள்

கையில் விளக்கேந்தி, நள்ளிரவில் புண்பட்ட போர்வீரரின் படுக்கைகளினூடே தனித்து நடந்து செல்லும் மாதரசியின் உருவத்தை நம்முள் அறியாதார் இலர். பள்ளிப் பாடநூல்களிலும் மருத்துவமனைச் சுவர்களிலும் அவ்வுருவம் நெடுங்காலமாக இடம் பெற்றிருக்கின்றது. எனினும், அவ்விளக்கின் ஒளியே அவ்வம்மையாரின் வாழ்வில் மற்றொரு பகுதியை நம் கண்களினின்றும் மறைத்துவிட்டது என்று யாம் கூறின், அன்பர் சிலர் வியப்புறக் கூடும். பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் கிரிமியப் போரில் தொண்டாற்றிய காலம் இரண்டு ஆண்டிற்குங் குறைவே. அதன்பின் ஐம்பதாண்டுகளுக்கு மேலும் அவர் உயிர் வாழ்ந்திருந்தார். அவ்வைம்பதாண்டில் அவர் கையில் விளக்கு இருந்ததில்லை. எழுதுகோலும் அட்டவணைகளுமே இருந்தன. இக்கட்டுரையில் விளக்கை ஒருபுறம் வைத்துவிட்டு, அவர் வரைந்த சில படங்களைப் பற்றியும், அவற்றை வரைந்தவாறு பற்றியும் எழுதப் புகுந்தோம்.

அம்மையார் 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் இத்தாலி நாட்டுப் பிளாரென்ஸ் நகரிலே பிறந்தார். பிறந்த நகரின் பெயரே அவர்க்குப் பெயராயிற்று. ஓராண்டு மூத்த தமக்கையார் நேப்பிள்ஸில் பிறந்தமையால் அந்நகரின் பழைய கிரேக்கப் பெயரைப் பெற்றுப் பார்த்தனோப் எனப்பட்டார். பெற்றோர் பெருஞ்செல்வர். டார்பிஷயரில் ஒரு மாளிகையும் ஹாம்ப்ஷயரில் மற்றொரு மாளிகையும் அவர்கட்கு உரியனவாயிருந்தன. தந்தையார் கற்றறிந்தவர்; தம் இரு புதல்வியர்க்கும் இலத்தீன், கிரேக்கம், வரலாறு, தத்துவம் ஆகியவற்றைத் தாமே கற்பித்தார். ஆயின் இளைய மகள் கணிதம் கற்க வேண்டுமென்று கேட்டபோது இல்லத்தில் எதிர்ப்பு எழுந்தது. மணவாழ்க்கை புகவேண்டிய நங்கைக்குக் கணிதம் எற்றுக்கு என்பது தாயாரின் கருத்து. பன்முறை வேண்டிய பின்னரே அவ்விருப்பம் நிறைவேறிற்று. பின்னாளில், பிறர் துயிலும் விடியற்பொழுதில் எழுந்து, பொதுமக்கள் உடல்நலம் பற்றிய அரசாங்க அறிக்கைகளை அவர் மறைவாகப் படித்துக் குறிப்பெழுதி வந்தனர் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். மற்றைய செல்வக் குமரியர் கதைநூல்களை அங்ஙனம் மறைத்துப் படித்த காலம் அது!

1837-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7-ஆம் நாள், தம் பதினாறாம் வயதில், ஆண்டவர் தம்மைத் தம் ஊழியத்திற்கு அழைத்தார் என்று அவர் உணர்ந்தார். எவ்வூழியத்திற்கு என்பது தெளிவாகப் பல்லாண்டு சென்றது. அக்காலத்து இங்கிலாந்தில் நோயாளரைப் பேணும் தொழில் குடிப்பிறந்த பெண்டிர்க்கு ஏற்றதாகக் கருதப்படவில்லை. பெற்றோரின் தடைகளைக் கடந்து, 1851-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டுக் கைசர்ஸ்வெர்த் என்னுமூரில் பிளீட்னர் போதகர் நிறுவியிருந்த திருத்தொண்டு இல்லத்தில் மூன்று திங்கள் பயின்றார். 1853-ஆம் ஆண்டில் இலண்டன் ஹார்லி வீதியில் நோயுற்ற பெண்டிர்க்கான சிறு மருத்துவ இல்லம் ஒன்றின் தலைவியாயினர். இவற்றையெல்லாம் விரிப்பிற் பெருகும்.

1854-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பிரிட்டன் உருஷ்யாவோடு போர் தொடுத்தது. அவ்விலையுதிர் காலத்தில் 'டைம்ஸ்' பத்திரிகையின் நிருபராகச் சென்றிருந்த வில்லியம் ஹவர்ட் ரஸ்ஸல் எழுதிய செய்திகளால், புண்பட்ட வீரர் கவனிப்பாரின்றி மாள்வதை நாடு அறிந்து கொதித்தெழுந்தது. போர்த்துறைச் செயலராக இருந்த சிட்னி ஹெர்பர்ட் பிரபு அம்மையாரின் நண்பர். அவர் வேண்டுகோளின்படி, 38 செவிலியரோடு அக்டோபர் 21-ஆம் நாள் புறப்பட்டு, நவம்பர் 4-ஆம் நாள் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்கூடாரியை அம்மையார் அடைந்தார். மறுநாளே இங்கர்மன் போர் நிகழ்ந்தது.

ஸ்கூடாரியில் மருத்துவமனையாக அமைந்தது துருக்கியப் படைஞர் தங்கிய ஒரு பெருங்கட்டிடம். வெளித்தோற்றத்தில் அரண்மனை போன்றது; அதனடியிலோ அடைபட்ட சாக்கடைகள் நாறிக் கிடந்தன. வாந்திபேதி, சீதபேதி, சுரம் ஆகியவற்றால் வீரர் ஈசல்போல் மடிந்தனர். அம்மையாரும் உடன்வந்தோரும் உணவு, துணி, தூய்மை ஆகியவற்றுக்காக ஓயாது உழைத்தும் அக்குளிர்காலத்தில் சாவு குறையவில்லை, மேலும் பெருகிற்று. 1855-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அம்மருத்துவமனை நோயாளருள் நூற்றுக்கு 42 பேர்க்கு மேல் இறந்தனர். மார்ச்சுத் திங்களில் அரசாங்கம் அனுப்பிய சுகாதாரக் குழுவினர் வந்தனர். டாக்டர் சதர்லண்ட், பொறியியலார் ராலின்ஸன் ஆகியோர் அக்குழுவிலிருந்தனர். சாக்கடைகளை நீர்விட்டலம்பி, சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசி, காற்றோட்டத்திற்கு வழி செய்தனர். ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு 2 என்னுமளவிற்கு இறங்கிற்று.

இவ்வீழ்ச்சியைக் கண்ட அம்மையார் மற்றொன்றையும் கண்டார். இறந்தோரின் தொகையைக் குறித்து வைத்த பதிவேடுகள் ஒன்றோடொன்று ஒத்திலவாயிருந்தன. ஓர் ஏட்டில் ஒரு தொகை. அடுத்த ஏட்டில் வேறொரு தொகை. எண்ணப்படாது புதையுண்டோர் எத்துணையரோ! ஒருவன் இறப்பது துயரம். அவன் இறந்தான் என்பதுகூட ஏட்டில் ஏறாதொழிவது, அதே காரணத்தால் மற்றொருவன் இறப்பதற்கு வழி வகுப்பதாகும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் ஊன்றிற்று.

1856-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆரவாரம் ஏதுமின்றி அவர் தாயகம் திரும்பினார். நாடெங்கும் புகழ் பாடினர். அவரோ மகிழ்ந்திலர். அப்போரில் பிரிட்டிஷ் படையில் மாண்டோர் ஏறத்தாழ 21,000 பேர். அவருள் 16,000 பேர்க்கு மேல் பகைவரின் குண்டினாலன்றி நோயினாலேயே மாண்டனர். செப்டம்பரில் பால்மோரல் அரண்மனையில் விக்டோரியா மகாராணியாரையும் அவர் கணவரையும் கண்டு, படையின் உடல்நலத்தை ஆராய அரசவிசாரணைக் குழு ஒன்று வேண்டுமெனக் கேட்டுக்கொண்டார். அது 1857-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹெர்பர்ட் பிரபுவின் தலைமையில் அமைந்தது. பெண்ணாகலின் அம்மையார் அதில் உறுப்பினராதல் இயலாது. ஆயினும் குழுவின் மூளையாக விளங்கியவர் அவரே.

இப்பணியில் அவர்க்கு உற்ற துணைவராக வாய்த்தவர் வில்லியம் பார் என்னும் அறிஞர். இங்கிலாந்தின் பிறப்பிறப்புப் பதிவு அலுவலகத்தில் புள்ளிவிவரங்களைத் தொகுத்தாராய்ந்தவர் இவர். இருவரும் அமர்ந்து கிரிமியக் கணக்குகளைப் பிரித்தடுக்கியபோது வெளிப்பட்ட செய்தி கொடியதாயிருந்தது. போர்முனைக்கு அண்மையிலிருந்த எளிய மருத்துவமனைகளிலும் ஸ்கூடாரிப் பெருமனையிலேயே சாவு மிகுந்திருந்தது. அஃதாவது, அம்மையார் இரவெல்லாம் விளக்கேந்தி நடந்த அம்மனையேதான்! இதனை அவர் முற்றும் உணர்ந்தது இக்கணக்கின் வாயிலாகவே என்று கருதும் ஆசிரியர் உளர். யாதாயினும், புகழின் உச்சியில் நின்ற ஒருவர் அக்கணக்கினை மறைத்து வாளாவிருந்திருத்தல் எளிது. அவர் அங்ஙனம் செய்திலர். அதனை உலகெலாம் காணுமாறு படமெழுதப் புகுந்தார்.

அதற்கு முன்னரே எண்களைப் படமாக வரையும் முறை தோன்றியிருந்தது. ஸ்காட்லாந்தினரான வில்லியம் பிளேபேர் என்பார் 1786-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் கோட்டுப் படங்களும் பட்டைப் படமும், 1801-ஆம் ஆண்டு நூலில் வட்டத்தைக் கூறிட்ட படமும் காணப்படும். பிரெஞ்சு நாட்டுக் கெரி என்பார் 1829-ஆம் ஆண்டிலேயே, மையத்தினின்று விரியும் கூறுகளாலான படத்தை வரைந்துள்ளார். ஆகவே அம்மையாரே இப்படங்களைக் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவது பிழை. யாம் போற்றுவது அவர் புதிது கண்டதையன்று; எதனை எதனோடு ஒப்பிட வேண்டும் என்று முதலில் தெளிந்து, அவ்வொப்பீட்டிற்குரிய வடிவத்தைத் தேர்ந்தமையையே யாம் போற்றுகின்றோம்.

எளிய ஒப்பீட்டை முதற்கண் நோக்குவோம். போர் இல்லாத காலத்தில், தாயகத்திலேயே படைவீடுகளில் வாழும் வீரனுக்கும், அவனோடொத்த வயதினனான குடிமகனுக்கும் சாவில் ஏதேனும் வேற்றுமை உண்டோ? பார் அவர்களின் கணக்குப்படி, 20 முதல் 25 வயது வரையுள்ள ஆங்கில ஆடவர் ஆயிரவருள் ஆண்டொன்றிற்கு 8.4 பேர் இறந்தனர்; அதே வயதுள்ள படைவீரரில் 17 பேர் இறந்தனர். 25 முதல் 30 வரை 9.2-க்கு 18.3, 30 முதல் 35 வரை 10.2-க்கு 18.4, 35 முதல் 40 வரை 11.6-க்கு 19.3. படைவீரனோ மருத்துவர் உடல் தேர்ந்து எடுத்த திண்ணியன். நோயாளியைப் படையில் சேர்ப்பாரிலர். அவன் குறைவாக இறத்தலன்றோ முறை? இந்த எட்டு எண்களுக்கு அம்மையார் தேர்ந்த வடிவம் பட்டை. ஒவ்வொரு வயதுப் பிரிவிற்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பட்டைகள். குடிமகனுக்குக் கறுப்பு, வீரனுக்குச் சிவப்பு. எல்லாம் ஒரே இடத்தில் தொடங்கி வலப்புறம் நீளும். சிவப்புப் பட்டை கறுப்புப் பட்டையைப் போல் இருமடங்கு நீண்டிருப்பதைக் காண எழுத்தறிவும் வேண்டா. வேறெந்த அணிகலனும் அப்படத்திற்கு இல்லை. அளவு எங்கே தொடங்குகின்றதோ அங்கேயே பட்டையும் தொடங்குகின்றது. வேற்றுமையைப் பெரிதாக்கிக் காட்டும்பொருட்டு அடியை வெட்டும் தந்திரம் அதில் இல்லை.

கிரிமியக் கணக்கு அத்துணை எளிதன்று. இரண்டு ஆண்டு, இருபத்துநான்கு திங்கள், மூவகைச் சாவு. படையின் தொகையும் ஒருபடித்தாயிருக்கவில்லை. 1854 ஏப்ரலில் 8,571 பேராயிருந்த படை 1855 ஜனவரியில் 32,393 ஆயிற்று. எனவே இறந்தோரின் வெறுந்தொகையைத் திங்கள்தோறும் ஒப்பிடுவது ஏமாற்றமாய் முடியும். பெரும்படையில் மிகுதியாக இறப்பது இயல்பேயாம். இது கருதி, ஒவ்வொரு திங்களின் சாவையும், அதே நிலை ஓராண்டு நீடிப்பின் ஆயிரவர்க்கு எத்தனைபேர் இறப்பர் என்னும் வீதமாக அமைத்துக்கொண்டனர். 1855 ஜனவரியில் நோயால் 2,761 பேரும், புண்ணால் 83 பேரும், பிற காரணங்களால் 324 பேரும் இறந்தனர். வீதமாக்கின் நோய்க்கு 1,022.8, புண்ணுக்கு 30.7; பிறவற்றிற்கு 120. மூன்றையும் கூட்டின் ஆயிரத்திற்கு 1,173-க்கு மேலாகின்றது. அதன் பொருள் யாது? அந்நிலை நீடித்திருப்பின், பகைவன் ஒரு குண்டும் எறியாமலே ஓராண்டு முடியுமுன் படை முழுதும் அழிந்திருக்கும் என்பதே. அட்டவணையில் ஒரு வரியாகக் கிடந்த இதனைக் கண்முன் நிறுத்துவது எங்ஙனம்?

திங்கள்கள் மீண்டும் மீண்டும் வட்டமிட்டு வருவன ஆகலின் அம்மையார் வட்ட வடிவத்தைத் தேர்ந்தார். முதலில் வரைந்த படத்தில், மையத்தினின்று ஒவ்வொரு திங்களுக்கும் ஒரு கோடு இழுத்து, சாவு வீதத்தின் அளவே கோட்டின் நீளமாக்கி, கோடுகளின் நுனிகளை இணைத்து, உள்ளிடத்தில் வண்ணந் தீட்டினார். வௌவால் சிறகு விரித்தாற்போன்று தோன்றும் அப்படம் அச்சமூட்ட வல்லது. ஆயின் அதில் ஒரு பிழை இருந்தது. காண்போர் கண் கோட்டின் நீளத்தை நோக்குவதில்லை. வண்ணந் தீட்டிய பரப்பையே நோக்குகின்றது. நீளம் இருமடங்காயின் பரப்பு நான்கு மடங்காகும். நீளம் மும்மடங்காயின் பரப்பு ஒன்பது மடங்காகும். மேற்கண்ட ஜனவரிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நோய்ச்சாவு புண்ணாலான சாவைப்போல் 33 மடங்கு. அவ்விரண்டையும் ஆரங்களின் நீளமாகக் கொண்டு வரைந்தால், கண்ணுக்குத் தோன்றும் பரப்பில் நோய் 1,100 மடங்கு பெரிதாகத் தோன்றும்!

ஈண்டு அன்பர்கள் சிறிது நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம். அப்பிழையால் நயம் பெறுவது யாருடைய வழக்கு? அம்மையாருடையதே. நோயினாலேயே படை அழிந்தது என்று நாட்டினரை அச்சுறுத்தி எழுப்ப விழைந்தவர் அவர். முதற்படத்தை அங்ஙனமே விட்டிருந்தால் படம் இன்னுங் கொடியதாயிருக்கும். கேள்வி கேட்பாரும் சிலரே. எனினும் அவர் அதனைத் தள்ளிவிட்டு வேறுபடம் வரைந்தார். புதிய படத்தில் வட்டம் பன்னிரண்டு சமகோணங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு திங்களுக்கும் 30 பாகை. ஒவ்வொரு கூற்றின் பரப்பே சாவின் அளவாகும்படி, வீதத்தின் வர்க்கமூலத்திற்கேற்ப ஆரம் அமைந்தது. இப்போது ஜனவரியின் நோய்க்கூறு புண்ணின் கூற்றைப்போல் ஏறக்குறைய ஆறுமடங்கே நீண்டிருக்கும். பரப்போ மெய்யான 33 மடங்கு. முன்னைய படத்தின் கூரிய சிறகு மழுங்கிற்று. இழந்தது தம் வழக்கின் வலிமையில் ஒரு பகுதி என்று தெரிந்தே அவர் இம்மாற்றத்தைச் செய்தார் என்பது எம் துணிபு.

அப்படத்தின் நுட்பங்களுட் சிலவற்றைக் குறிப்பிடாமற் செல்ல மனமில்லை. தடுக்கத்தக்க நோய்களால் நேர்ந்த சாவிற்கு நீலம், புண்ணால் நேர்ந்ததற்குச் சிவப்பு, ஏனையவற்றிற்குக் கறுப்பு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், மூன்றையும் மையத்தினின்றே அளந்தார். ஆதலால் எவ்வண்ணத்தையும் தனித்து எடுத்து, மற்றொரு திங்களின் அதே வண்ணத்தோடு ஒப்பிடலாம். இம்முறையில் ஒன்றன்மேலொன்று மறையக்கூடிய இடர் உண்டு. இங்கர்மன் போர் நிகழ்ந்த 1854 நவம்பரில் சிவப்பு ஓங்கிக் கறுப்பை விஞ்சிற்று. அங்கே சிவப்பின் குறுக்கே ஒரு கருங்கோடு இழுத்து, கறுப்பின் எல்லை இதுவென்று காட்டினார். இரண்டு வண்ணங்கள் சரியாக ஒன்றிய திங்கள்கள் எவையெவை என்பதையும் படத்தின் அடியிலேயே எழுதிவைத்தார். தாம் வரைந்த படம் எங்கே தடுமாறச் செய்யும் என்பதைத் தாமே முன்னறிந்து சொல்லிவிடுதல் எத்துணைப் பேர்க்குக் கைவரும்!

போரின் முதலாண்டிற்கு ஒரு வட்டம், இரண்டாமாண்டிற்கு மற்றொன்று. 1854 ஏப்ரலிலிருந்து 1855 மார்ச்சு வரை வலப்பக்கத்தில்; அடுத்த பன்னிரண்டு திங்கள் இடப்பக்கத்தில். இரண்டையும் இணைக்க ஒரு புள்ளிக்கோடு. சுகாதாரக் குழுவினர் பணி தொடங்கிய காலத்தோடு இவ்வெல்லை பொருந்துதல் காண்க. வலவட்டத்தில் நீலம் பெருஞ்சிறையென விரிந்து கிடக்கும். இடவட்டமோ சுருங்கிச் சிறுத்திருக்கும். வட்டவடிவத்தின் பயன் இங்கேதான் முழுதும் விளங்குகின்றது. சாவிற்குக் காரணம் கடுங்குளிரே, யார் என் செய்வது என்று வாதித்தோர்க்கு, ஜனவரிக்கு எதிரே அதே திசையில் மறு ஜனவரி விடையாக நின்றது. இரண்டாங் குளிர்காலமும் அதே நாட்டில்தான் வந்து சென்றது. படையோ முன்னையினும் பெரிது. நீலக்கூறு மட்டும் ஏறக்குறைய மறைந்துவிட்டது. மற்றொரு படத்தில், இங்கிலாந்திலேயே உடல்நலக் கேட்டிற்குப் பெயர்போன மான்செஸ்டர் நகரின் சாவு வீதத்தை ஒரு வட்டமாக வரைந்து சேர்த்தார். படித்த சீமான் கிரிமியாவைக் கண்டதில்லை; மான்செஸ்டரின் புகையையும் சேற்றையும் அறிவான். அறிந்த அளவுகோல் ஒன்றை அருகில் வைத்தாலன்றி அறியாத எண் பொருள் தாராது அன்றோ?

இனி, குறை ஒன்றையும் கூறுதல் நேர்மை. கூறுகளின் பரப்பை ஒன்றோடொன்று ஒப்பிடுதல் மனிதர் கண்ணுக்கு எளிதன்று. எது பெரிது என்று சொல்லலாம்; எத்தனை மடங்கு பெரிது என்று சொல்லுதல் அரிது. இருபத்துநான்கு திங்களையும் பட்டைகளாக ஒரே வரிசையில் நிறுத்தியிருந்தால் அளவு இன்னும் துல்லியமாகத் தெரிந்திருக்கும் என்று பிற்காலத்து அறிஞர் பலர் கூறியுள்ளனர். எமக்கும் அதுவே உடன்பாடு. வயதுவாரியான பட்டைப் படம் நூறு சொல்லால் ஆகாததை ஒரு பார்வையில் சொல்லிவிடுகின்றது. நீலக்கூற்றுப் படத்திற்கோ அடிக்குறிப்பைப் படித்தாக வேண்டும். ஆயினும் பட்டைகள் நினைவினின்று நீங்கிவிடும், அந்நீலம் நீங்குவதில்லை. சேவற்கொண்டை என்று ஆங்கிலத்தில் இப்படத்திற்கு ஒரு பெயர் வழங்குகின்றது. அம்மையார் அச்சொல்லால் குறித்தது படங்கள் அடங்கிய சிறு நூலையே; பிற்காலத்தார் அதனைப் படத்திற்கே ஏற்றிவிட்டனர்.

இதனை எழுதுங்கால் இக்காலத்து வழக்கம் ஒன்று எம் நினைவிற்கு வருகின்றது. இன்று எவ்வலுவலகத்திலும் கணினித் திரையில் ஒரு பொத்தானை அழுத்திய அளவில் பட்டை, கோடு, வட்டம், குமிழி எனப் பத்துவகைப் படங்கள் தாமே வந்து நிற்கின்றன. வேண்டிய வண்ணத்தைப் பூசிக்கொள்ளலாம். அவற்றுள் அழகியது எது என்று தேர்பவர் பலர். யாம் ஒப்பிட விழைவது எதனை எதனோடு என்று தம்மைத் தாமே கேட்பவர் சிலர். இருபது கூறாக வெட்டிய வட்டங்களையும், அளவின் தொடக்கத்தை விட்டு நடுவிலே முளைக்கும் பட்டைகளையும், விட்டத்தை இருமடங்காக்கிப் பரப்பை நான்கு மடங்காக்கிய குமிழிகளையும் ஆண்டறிக்கைகளில் யாமே கண்டிருக்கின்றோம். 1858-ஆம் ஆண்டில் கையினால் வரைந்த ஓர் அம்மையார் கண்டு திருத்திய பிழை, இன்று பொறியின் துணையோடு நாள்தோறும் நிகழ்கின்றது.

படங்களைப் பற்றி அவர்க்கும் பார் அவர்கட்கும் ஒரு கருத்து வேற்றுமை இருந்தது. புள்ளிவிவரம் எத்துணை வறண்டதாயிருக்குமோ அத்துணை நன்று என்பது பார் அவர்களின் கொள்கை. அம்மையாரோ, சொல்லைக் கேளாத செவியர்க்குக் கண்வழியே உணர்த்த வேண்டும் என்னுங் கருத்தினர். அரச குடும்பத்தாரும் அமைச்சரும் அட்டவணைகளைப் படிக்கமாட்டார். படத்தையேனும் பார்ப்பர் என்பது அவர் கணிப்பு. கண்ணாடிச் சட்டமிட்டுப் போர்த்துறை அலுவலகங்களின் சுவரிலே மாட்டவும் எண்ணினார். 1858-ஆம் ஆண்டில் அவர் தம் செலவில் அச்சிட்ட பெருநூலிலும், 1859-ஆம் ஆண்டில் வெளிவந்த கிரிமியப் போர்ச் சுகாதார வரலாற்றிலும் இப்படங்கள் இடம்பெற்றன. எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ அம்மையார் 1859-இல் பொதுமக்கட்கென எழுதிய நூலிலும் இவற்றைச் சேர்த்துக்கொண்டார்.

பயன் யாது என்று கேட்பார்க்குச் சொல்லுகின்றோம். அரசவிசாரணையின் பின்னர் நான்கு துணைக்குழுக்கள் அமைந்தன. படைவீடுகளுக்குக் காற்றோட்டமும் நல்ல நீரும் சாக்கடையும் வகுக்கப்பட்டன. படைமருத்துவர்க்குத் தனிப்பள்ளி 1860-இல் தொடங்கிற்று. படையின் நோயும் சாவும் ஒழுங்காகக் கணக்கிடப்படலாயின. 1858-ஆம் ஆண்டில் இலண்டன் புள்ளிவிவரக் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது; அக்கழகத்தில் இடம்பெற்ற முதற்பெண்மணி அவரே. மருத்துவமனைகள் யாவும் ஒரேவகைப் படிவத்தில் கணக்கு வைத்தல் வேண்டும், இன்றேல் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடல் வீண் என்று 1860-இல் இலண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளிவிவரப் பேரவைக்கு எழுதினார். அதே ஆண்டில் புனித தோமையார் மருத்துவமனையில் அவர் பெயராலான செவிலியர் பள்ளி தோன்றிற்று. 1861 ஆகஸ்டில் ஹெர்பர்ட் பிரபு இறந்தது அவர்க்குப் பேரிடியாயிற்று. கிரிமியாவில் பற்றிய நோயால் தாமும் படுக்கையினராகவே பல்லாண்டு வாழ்ந்தார். அப்படுக்கையே அவர் அலுவலகம்.

நம் நாட்டையும் அவர் ஒருகாலும் கண்டிலர். எனினும் நாற்பதாண்டு நம் நாட்டைப் பற்றியே எண்ணினார். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் உடல்நலத்தை ஆராய 1859-இல் ஏற்பட்ட அரசகுழுவிற்காக, இந்நாட்டுப் படைத்தலங்கள் அனைத்திற்கும் வினாத்தாள்கள் அனுப்பி, வந்த விடைகளைத் தொகுத்தார். ஆயிரம் வீரரில் ஆண்டிற்கு 69 பேர் இறந்து வந்தமை வெளிப்பட்டது. 1863-இல் அவ்வறிக்கை வெளிவந்தது. பத்தாண்டு கழித்து அவ்வெண் 18-ஆகக் குறைந்திருப்பதை அவரே எடுத்தெழுதினார். படைவீட்டின் சுகாதாரம் ஊரின் சுகாதாரத்தினின்று பிரிக்கவொண்ணாதது என்று கண்டபின் அவர் நோக்கம் வீரரைவிட்டு நம் உழவர்பாற் சென்றது. காவிரிக்கும் கோதாவரிக்கும் அணைகள் கட்டுவித்த ஸர் ஆர்தர் காட்டன் அவர்களோடு நட்புப்பூண்டு, நீர்ப்பாசனத்திற்காக ஓயாது வாதாடினார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, மாண்ட மக்களின் கணக்கை உள்ளவாறு சொல்லுமாறு ஆட்சியாளரை நெருக்கிக் கட்டுரைகள் எழுதினார். கிரிமியாவில் போலவே இங்கும், எண்ணப்படாத சாவு அவர்க்குப் பொறுக்கொணாததாயிருந்தது. ஆயின் இங்கே வென்றார் என்று சொல்வதற்கில்லை.

முதுமையிலும் அவர்க்கு இவ்வார்வம் தணிந்திலது. பெல்ஜிய நாட்டுப் புள்ளிவிவரப் பேரறிஞர் குவேட்டலே அவர்களைத் தம் ஆசானாகப் போற்றிவந்தார். மனித சமூகத்தின் ஒழுங்குகளை எண்ணின் வாயிலாக அறிதல், அதனை நடத்தும் ஆண்டவரின் திருவுளத்தை அறிதற்கு ஒரு வழி என்பது அவர் கொள்கை. நாடாளும் அமைச்சர் பல்கலைக்கழகத்தில் பயின்றவராயிருந்தும், கையிலுள்ள கணக்குகளைப் பயன்படுத்த அறியாதிருப்பதைக் கண்டு வருந்தினார். 1891-ஆம் ஆண்டில், தம் எழுபதாம் வயதிற்குமேல், ஆக்ஸ்போர்டில் இதற்கென ஒரு பேராசிரியர் பதவி நிறுவ விரும்பி, பிரான்சிஸ் கால்டன் அவர்களோடு கடிதப் போக்குவரத்து நடத்தினார். அம்முயற்சி கைகூடிற்றிலது. பின்னர்க் கண்பார்வையும் மங்கிற்று. 1907-ஆம் ஆண்டில் பேரரசர் ஏழாம் எட்வர்ட் அவர்க்கு 'ஆர்டர் ஆப் மெரிட்' என்னும் உயர்பட்டம் வழங்கினார். அதனைப் பெற்ற முதற்பெண்மணி அவரே.

1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13-ஆம் நாள் இலண்டனில் தம் இல்லத்தில் உயிர்நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கஞ் செய்ய அரசாங்கம் முன்வந்தது. உறவினர் அதனை ஏற்றிலர். ஹாம்ப்ஷயரில் கிழக்கு வெல்லோ என்னும் சிற்றூர்த் திருக்கோவிலின் முற்றத்தில், குடும்பத்தார் கல்லறையிலேயே அவர் அடக்கஞ் செய்யப்பட்டார். அக்கல்லில் அவர் பெயரும் முழுமையாக இல்லை. பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டும், பிறந்த நாளும் இறந்த நாளுமே பொறிக்கப்பட்டுள்ளன.